நாலுக்கு நாலு வாங்கிய ஆப்பிள்

குற்றாலீஸ்வரன் சீனாவைப் பார்த்ததில்லை. சீனாக்காரர் ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் தென்காசியில் இறங்கி, ‘சைனா வாத்தியார் வீடு எங்கே?’ என்று கேட்டால் பிச்சையா அண்ணாச்சி டீக்கடையில் யாராவது ஒருவர் சரியாகக் கையைக் காட்டிவிடுவார். அந்தப் பட்டப்பெயரை ஊர்தான் தனக்கு வைத்தது என்று அவன் சொல்லிக்கொள்வான். உண்மையில் அதை டீக்கடையில் நாலு பேர் காதில் போட்டுப் பரப்பியவன் அவனேதான்.

வேலை இதுதான். சீனாவில் ஏதோ ஒரு ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். ஜூன் ஏழாம் தேதி அவர்களுக்குப் பெரிய பரீட்சை. அதில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்து, கீழே நாலு கேள்வியும் ஒவ்வொன்றுக்கும் நாலு விடையும் போட்டிருப்பார்கள். படித்துப் புரிந்துகொண்டு சரியான விடையைக் குறிக்க வேண்டும். அதற்குப் பயிற்சிப் பத்தி எழுதித் தருவதும், வாரத்தில் மூன்று நாள் மாலை நாலரை மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து விளக்கம் சொல்வதும் குற்றாலீஸ்வரனின் பொறுப்பு. நமக்கு நாலரை என்றால் அவர்களுக்கு ஏழு. மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி. அவன் மனைவி இசக்கிச்செல்வி குற்றாலத்தில் போலீஸ் ஏட்டாக இருந்தாள். அவளுடைய காக்கிச் சீருடை பின்னால் கொடியில் தொங்குவது கேமராவில் விழாதபடி நாற்காலியை ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொள்வான்.

இதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ‘எனி டவுட்?’ என்று கேட்பான். பதினாலு வருஷத்தில் ஒரு பிள்ளை எழுந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை. எல்லாம் தெளிவாகப் புரிந்துவிடுகிறது போலிருக்கிறது என்று முதல் இரண்டு வருஷம் நினைத்தான். மூன்றாவது வருஷம் அவனுக்கே உண்மை விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. அப்புறம் கல்லூரியே மூடிவிட்டது. சேர்ந்து படிக்க ஆளில்லை.

அன்றையிலிருந்து புளியங்குடியில் ஒரு நாற்காலி அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இசக்கிச்செல்வியின் அண்ணன் தாணுமாலயன் அங்கே எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார். காய் ஏற்றிப்போன லாரி எங்கே நிற்கிறது, டிரைவர் ஏன் போனை எடுக்கவில்லை என்று நாள் முழுக்க விசாரிக்கப் படித்த ஆள் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டது. “மாப்ள, நீங்க எப்ப வந்தாலும் சேர் ரெடி” என்பார். அன்பாகத்தான் சொல்வார். அந்த நாற்காலிப் பேச்சு வந்தாலே குற்றாலீஸ்வரன் எழுந்து செருப்பைத் தேடுவான். வேலை கேவலம் என்பதல்ல. அதில் போய் உட்கார்ந்துவிட்டால் தான் வாத்தியார் இல்லை என்று முடிவாகிவிடும். அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

சீனா வேலைக்கும் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. லின் என்று ஒரு மேற்பார்வையாளர் அம்மா. ரொம்ப மரியாதையானவர், ரொம்பக் கறாரானவர். ஒரு பத்தியில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் தப்பாக எழுதினால் அந்தப் பத்தி வாபஸ். ஒரு பத்தி வாபஸானாலே ஜூனோடு ஒப்பந்தம் முடிந்துவிடும், புதுப்பிக்கமாட்டார்கள். ஒரேயொரு விலக்கு உண்டு. சரியாக எழுதிய பிள்ளை ஒன்றாவது, இந்த வரியை வைத்துத்தான் எழுதினேன் என்று பத்தியிலிருந்து காட்டிவிட்டால் பத்தி பிழைத்துக்கொள்ளும்.

பத்துப் பத்திவரை குற்றாலீஸ்வரன் கொடி கட்டிப் பறந்தான். அதற்குப் பெரிய சாட்சி ஆப்பிள். அந்தப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கெவின், ஸ்னோ என்கிற வரிசையில் இவள் ஆப்பிள். கேமராவைப் போட்டதில்லை, வாய் திறந்ததில்லை. ஆனால் பத்துப் பத்தியிலும் நாலுக்கு நாலு. கெவின்கூட இரண்டு தரம் சறுக்கியிருக்கிறான். ஆப்பிள் சறுக்கியதே இல்லை.

“நம்ம எழுதுத இங்கிலீஷோட ஆழம் ஒரு ஆளுக்குப் புரியுது அண்ணாச்சி. அதுவும் எங்க இருக்க பிள்ளைக்கு!” என்று டீக்கடையில் சொல்லும்போது அவனுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

“ஆப்பிள்னா பேரு வச்சிருக்கு? அப்பம் சொரக்காயின்னு ஒண்ணும் கெடையாதா?” என்று பிச்சையா அண்ணாச்சி டீயை ஆற்றுவார்.

மே மாதம் நடுவில் லின்னிடமிருந்து கடிதம் வந்தது. தேனீ, லண்டன், பிளாஸ்டிக் ஒழிப்பு எல்லாம் படித்துப் பிள்ளைகள் சலித்துவிட்டார்கள். உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்களேன்.

குற்றாலீஸ்வரன் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினான். பத்தியின் சாரம் இதுதான். திருவேங்கடத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்துக் குற்றாலம் போகிறது. எண்ணெய்ப் புட்டி, மாற்றுத்துணி, புளிச்சாதம் எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே போனால் வானம் நீலமாக இருக்கிறது. தண்ணீர் இல்லை. அப்பா வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். புளிச்சாதத்தைத் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். வேன் புளியங்குடியைத் தாண்டும்போது மழை பிடிக்கிறது. ‘வண்டியைத் திருப்பு’ என்று அம்மா சந்தோஷத்தில் கத்துகிறாள். அவ்வளவுதான். கடைசி வரியை எழுதிவிட்டுத் தானே ஒரு தரம் உரக்க வாசித்துப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. தான் எழுதியதற்குத் தானே கண் கலங்குகிற வியாதி அவனுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு.

டியூட்டி முடிந்து வந்த இசக்கிச்செல்வி பெல்ட்டைக்கூடக் கழற்றியிருக்கமாட்டாள், தாளை நீட்டினான். அவள் தாளைத் திருப்பிக் கேள்விகளை மட்டும் பார்த்தாள்.

“குடும்பம் ஏன் குற்றாலம் போச்சு? குளிக்க. அப்பா ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டாரு? தண்ணி விழல. அம்மா ஏன் கத்துதா? மழ வந்துட்டு. அடுத்தால என்ன நடக்கும்? திரும்பப் போய்க் குளிப்பாவ. சரியா?”

“நாலுக்கு நாலு! ஆனா நீ பத்தியப் படிக்கவே இல்லியே?”

“இதுக்கு எதுக்குப் படிக்கணும்? குற்றாலம்னு போட்டிருக்கீயல்லா” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அதை அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டான். டீக்கடையில் தமிழில் சொல்லிக் கேட்டதில் பிச்சையா அண்ணாச்சியும் நாலுக்கு நாலு. படிக்காத ஆளுக்கே விளங்குகிறது என்றால் எழுத்து அப்படி என்று அன்று மாலையே பத்தியை அனுப்பிவிட்டான்.

முடிவு மே இருபதாம் தேதி வந்தது. நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்திரண்டு பேர் தப்பு. அதுவும் பெரும்பாலானவர்களுக்கு நாலுக்குப் பூஜ்யம். ஆப்பிள் மட்டும் வழக்கம்போல நாலுக்கு நாலு.

அன்றைய வகுப்பில் லின்னும் வந்து உட்கார்ந்திருந்தார். குற்றாலீஸ்வரன் பிள்ளைகள்மேல் பாய்ந்தான். இவ்வளவு எளிய பத்தி, ஒரு குடும்பத்தின் ஏக்கம், அது உங்களுக்குப் புரியவில்லையா என்று பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினான்.

கெவின் மெதுவாகக் கையைத் தூக்கினான். “சார், வானம் நீலமாக இருப்பதைப் பார்த்து அப்பா வருத்தப்படுகிறார். மழையைப் பார்த்து அம்மா சந்தோஷத்தில் கத்துகிறார். தண்ணீர் இல்லாத இடத்துக்கு மறுபடியும் போகச் சொல்கிறார். ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கியிருக்கலாமே?”

“குடிக்கிற தண்ணீர் இல்லை! குளிக்கிற தண்ணீர்! அருவித் தண்ணீர்!”

“எந்த அருவி?” என்று ஸ்னோ கேட்டாள்.

லின் குறுக்கிட்டார். “மன்னிக்க வேண்டும் ஆசிரியரே. அருவி என்பது எத்தனையாவது வரியில் வருகிறது?”

குற்றாலீஸ்வரன் சிரித்துக்கொண்டே தாளை எடுத்தான். முதல் வரியில் இல்லை. இரண்டாவதில் இல்லை. விரலை வைத்துக் கடைசிவரை வந்தான். மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தான். முந்நூறு வார்த்தையில் அருவி என்ற வார்த்தை எங்குமே இல்லை. குற்றாலம் என்று எழுதிவிட்டால் போதும், அதற்குள்ளேயே அருவி விழுந்துகொண்டிருக்கும் என்று அவன் பேனா முடிவுகட்டிவிட்டது. தென்காசிப் பக்கம் யாராவது குற்றாலம் போய் அருவியில் குளித்தேன் என்று நீட்டி முழக்குவார்களா? குற்றாலம் போனேன் என்றால் குளித்தேன் என்றுதான் அர்த்தம். பெண்டாட்டிக்குப் புரிந்தது, டீக்கடைக்குப் புரிந்தது. பெயரிலேயே குற்றாலத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு, அது ஒரு ஊர்ப்பெயர் மட்டும்தான் என்று நினைக்க ஒரு ஜனம் உலகத்தில் இருக்கும் என்பது தோன்றவே இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்தான்.

லின் கருணையோடு சொன்னார். “ஆனால் ஆப்பிள் நான்கும் சரியாக எழுதியிருக்கிறார். எந்த வரியை வைத்து எழுதினார் என்று காட்டினால் பத்தியை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் இடைவேளைக்குப் பிறகு கேட்போம்.”

போன உயிர் திரும்பி வந்தது. ஆப்பிள் இருக்கிறாள். ஆப்பிளுக்குப் புரியும். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டபோது, திரையின் ஓரத்தில் அவனுக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. ஆப்பிள்தான். இத்தனை மாதத்தில் அவள் எழுதிய முதல் செய்தி.

‘சார், நான் பத்தியைப் படிக்கவில்லை. எந்தப் பத்தியையும் படித்ததில்லை. உங்கள் கேள்விகளில் சரியான விடைதான் எப்போதும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். அதைத்தான் குறிப்பேன். இப்போது நான் என்ன சொல்ல வேண்டும்?’

குற்றாலீஸ்வரன் அதை மூன்று தரம் படித்தான். பிறகு பழைய தாள்களை இழுத்துப் போட்டுப் பார்த்தான். உண்மைதான். சரியான விடையில் யாரும் குற்றம் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அதற்கு மட்டும் ஒரு ‘ஏனென்றால்’ போட்டு வாலை ஒட்டியிருந்தான். தப்பு விடைகளைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை; அவை மூன்று நாலு வார்த்தையோடு நின்றன. இதைத்தான் எழுத்தின் ஆழம் என்று டீக்கடையில் அளந்துகொண்டிருந்தான். அந்தப் பிள்ளை ஆழத்தில் எல்லாம் இறங்கவில்லை, மேலோட்டமாக நீளத்தைப் பார்த்திருக்கிறது. நெஞ்சுக்குள் சுருக்கென்று வலித்தது.

வலியோடு ஒரு யோசனையும் வந்தது. வழி இருக்கிறது. எண்ணெய்ப் புட்டி, மாற்றுத்துணி என்று மூன்றாவது வரியில் வருகிறதே! அதை வைத்து அவர்கள் குளிக்கப் போகிறார்கள் என்று ஊகித்ததாக அவள் சொன்னால் லின் தலையாட்டிவிடுவார். பத்தி பிழைக்கும், ஒப்பந்தம் பிழைக்கும், புளியங்குடி நாற்காலி காலியாகவே கிடக்கும். மளமளவென்று தட்டச்சு செய்தான். ‘மூன்றாவது வரியைக் காட்டு, எண்ணெயும் துணியும் எடுத்துப் போவதால் அவர்கள் குளிக்கத்தான் போகிறார்கள், ஏனென்றால்…’

அந்த ‘ஏனென்றால்’ வந்ததும் கை நின்றது. எழுதியதைப் பார்த்தான். பொய்யும் நீளமாகத்தான் வந்திருந்தது.

ஜூன் ஏழாம் தேதிக் கேள்வித்தாளைக் குற்றாலீஸ்வரன் எழுதப்போவதில்லை. அதை எழுதியவர் எவரோ, அவர் விடைகளை அளந்து வெட்டித்தான் வைத்திருப்பார். இந்தப் பிள்ளை அந்தத் தாளிலும் நீளமான விடையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. தன் பிழைப்பு போனால் எலுமிச்சங்காய் இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்ததும் அவனுக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. எழுதியதை அழித்தான். ‘நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். இனிமேல் படி’ என்று மட்டும் அனுப்பினான்.

இடைவேளை முடிந்தது. லின் வாயைத் திறக்கும் முன்னால் குற்றாலீஸ்வரன் முந்திக்கொண்டான்.

“பத்தி தப்பு. அதில் அருவி இல்லை. அதை யாராலும் விளக்க முடியாது, ஆப்பிளைக் கேட்க வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கேள்விகளில் சரியான விடைதான் நீளமாக இருக்கும். நாற்பத்து நாலு கேள்வியையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளை படிக்காமலே முழு மதிப்பெண் வாங்கலாம். அது பிள்ளையின் குற்றம் இல்லை, என் குற்றம்.”

லின் எண்ணினார். நாற்பத்து நாலுக்கு நாற்பத்து நாலு. முதலில் கெவின்தான் சிரித்தான். அப்புறம் நாற்பது குரல்கள் ஒன்றாகச் சிரித்தன. அவன் வகுப்பில் பிள்ளைகள் சிரித்ததும் அன்றுதான் முதல் தடவை. லின் மட்டும் சிரிக்கவில்லை. நேர்மைக்கு நன்றி என்றும், விதி விதிதான் என்றும், மீதி வகுப்புகளை ஜூன் மூன்றாம் தேதியோடு முடித்துக்கொள்ளலாம் என்றும் மறுநாள் எழுதியிருந்தார்.

இசக்கிச்செல்வியிடம் சொன்னபோது அவள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“நான் அன்னைக்கே சொன்னம்லா, படிக்காண்டாம்னு! படிக்காமலே நாலும் சரியா வந்தா அது என்ன பரீட்சை? உங்களுக்கு அப்பமே ஒறைக்காண்டாமா?” பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அண்ணன்கிட்ட நானே சொல்லிருதேன். கடைசி வகுப்பு முடிஞ்ச மறுநாள் வருவாவன்னு. மொகத்த இப்பிடி வச்சிக்கிடாதீய. அந்தப் பிள்ளைய நீங்க மாட்டி விடலல்லா, அது போதும்.”

கடைசி வகுப்புக்கு அவன் அதே பத்தியைத் திருத்தி எழுதினான். முதல் வரியிலேயே அருவியை விழ வைத்தான். மலைமேல் காட்டில் பெய்யும் மழைதான் கீழே அருவியாக விழுகிறது என்று இரண்டாவது வரியில் விளக்கினான். ஜூன் பிறந்தால் ஜனங்கள் மழைக்காக ஏங்குவதை எழுதினான். குற்றாலத்துக்கும் புளியங்குடிக்கும் ஒரு மணி நேரப் பயணம் என்பதைக்கூட விடவில்லை. விடைகள் பதினாறையும் விரல் விட்டு எண்ணி, ஒவ்வொன்றும் ஆறே வார்த்தை வரும்படி வெட்டினான். ‘ஏனென்றால்’ இல்லாமல் எழுதுவது அவனுக்குக் கைவிரலைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது.

ஜூன் மூன்றாம் தேதி வெளியே சாரல் பிடித்திருந்தது. சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். மாலை டியூட்டிக்குப் போக வேண்டிய இசக்கிச்செல்வி கேமராவுக்குப் படாமல் ஓரமாக நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் எழுதி முடித்தார்கள். திரையில் மதிப்பெண் வந்தது. கெவின் நாலு. ஸ்னோ மூன்று. ஆப்பிள் ஒன்று.

அந்த ஒன்றைக் குற்றாலீஸ்வரன் இன்னொரு தரம் பார்த்தான். இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. பழைய பழக்கத்தில் அவன் வாய் மட்டும் கேட்டது. “எனி டவுட்?”

திரையில் இத்தனை நாள் இருண்டு கிடந்த ஒரு கட்டத்துக்குள் வெளிச்சம் வந்தது. கேமரா போட்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி, நெற்றியில் பரு, கையில் தாள். தாள் முழுக்கப் பென்சில் கோடுகள்.

“எனக்கு ஒரு சந்தேகம் சார்” என்றாள் ஆப்பிள்.

குற்றாலீஸ்வரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினாலு வருஷம் காத்திருந்துவிட்டு, அது வந்து நிற்கும்போது பேந்தப் பேந்த விழித்தான். “கேள், கேள்” என்றான்.

“நான்காவது கேள்வி. வேனைத் திருப்பிய பிறகு என்ன நடக்கும்? அருவியில் ஆனந்தமாகக் குளிப்பார்கள் என்பது உங்கள் விடை. இரண்டாவது வரியில், மலைமேல் பெய்யும் மழைதான் அருவியாகும் என்று இருக்கிறது. கடைசி வரியில் மழை பெய்வது புளியங்குடியில். அது ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறது என்று எட்டாவது வரியில் இருக்கிறது. மலைமேல் மழை பெய்ததாக எந்த வரியிலும் இல்லை. மறுபடியும் ஏமாந்து திரும்புவார்கள் என்று நான் குறித்தேன். அது ஏன் தப்பு?”

குற்றாலீஸ்வரன் பத்தியைப் பார்த்தான். “இல்லை, புளியங்குடியில்தான் மழை வந்துவிட்டதே, அருவியில் எப்படியும்…” என்று இழுத்தபோது ஓரத்திலிருந்து குரல் வந்தது.

“புளியங்குடியில பெஞ்ச மழைக்கு மெயினருவியில எப்பிடித் தண்ணி விழும்? நாலு ஏத்தன் வாழப்பழத்தத் தின்னுட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். இப்பிடி எத்தன வேன நான் திருப்பி அனுப்பியிருக்கேன்! அந்தப் பிள்ள என்ன கேக்குது?”

“இதத்தான் கேக்குது.”

“அது சரியாத்தான சொல்லுது! நீங்கதான் தப்பு.” அவள் தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தான் எழுதிய பத்தியைத் தானே புரிந்துகொள்ளாத ஒரு ஆளைப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலீஸ்வரனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு மேலே ஒரு சந்தோஷம் பொங்கி வந்து, கண்ணை மறைத்தது. இந்த முறை தன் எழுத்துக்காக இல்லை.

“ஆப்பிள் சொல்வதுதான் சரி. என் விடை தப்பு. ஆப்பிளுக்கு நாலுக்கு இரண்டு” என்றான்.

“அப்படியானால் எனக்கு மூன்றுதானா?” என்று கெவின் அலறினான்.

மணி ஆறு. வகுப்பு முடிய வேண்டிய நேரம். காலையில் முதல் பேருந்தைப் பிடித்துப் புளியங்குடி போக வேண்டும். தாணுமாலயன் நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பார். அவன் வணக்கம் சொல்லக் கையெடுத்தான்.

“சார், மூன்றாவது கேள்வியிலும் ஒரு சந்தேகம்” என்றாள் ஆப்பிள்.

குற்றாலீஸ்வரன் கையை இறக்கிவிட்டு, நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். “எந்த வரி?” என்று கேட்டான்.